கவசத்துக்குள் கச்சான்

ஒருநாள் ஏழாம் வகுப்பிலே பெயர்ச்சொற்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். வீட்டில் இருக்கும் பொருள் ஒன்றின் பெயரைச் சொல்லுமாறு ஒவ்வொரு மாணவனாகக் கேட்டு வந்தோம். பின் வாங்கிலிருந்த மருதமுனைச் சிறுவன் எழுந்து மெல்லிய குரலில் ஏதோ விடை சொன்னான்.

"கறியா? நல்லது, அதுவும் பெயர்ச்சொல்தான். என்ன கறி?" என்றோம்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பையனின் முகம் சிவந்துவிட்டது. "கறி இல்ல சேர், தறி. எங்கட வாப்பா நெசவு" என்றான்.

அந்தச் சிரிப்பில் நாமும் கலந்துகொண்டோம். ஆயினும் அன்று மாலை வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தத் தறி நமது மனத்தைவிட்டு அகலவில்லை. மருதமுனை என்றால் நெசவு என்பது இக்கரையோரத்தில் யாவரும் அறிந்த செய்தி. அவ்வூர்ப் பையன் வாயில் இயல்பாக வரக்கூடிய சொல்லையே நாம் தவறவிட்டோம். குற்றம் அவன் குரலிலா, நமது காதிலா?

சில வாரங்கள் கழித்துச் செவி வைத்தியர் ஒருவரைக் கண்டோம். ஓசை புகாத சிறு அறையில் நம்மை இருத்தி, மெல்லிய கூவல்களைக் காதில் ஒலிக்கச் செய்து, கேட்கும்போதெல்லாம் கையிலிருந்த பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். முடிவில் ஒரு வரைபடம் கிடைத்தது. கோடு ஒழுங்காகவே சென்று, 4000 ஹேர்ட்ஸ் என்னும் இடத்தில் மட்டும் பள்ளத்தில் விழுந்து, பின்னர் சற்றே மேலெழுந்திருந்தது. பேரோசையில் நெடுநாள் இருந்த காது இடும் கையொப்பம் இதுவே என்றார் வைத்தியர்.

தொழிற்சாலையில் வேலை செய்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்றோம். வெடிச் சத்தம் கேட்டதுண்டா என்றார். யுத்த காலத்தில் வளர்ந்த நமது தலைமுறையில் அதைக் கேளாத காது எது? இறுதியாக, "கல்லூரிக்கு எப்படிப் போய் வருகிறீர்கள்?" என்றார். கல்லடியிலிருந்து கல்முனைக்கு மோட்டார் சைக்கிளில், போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம், பதினைந்து ஆண்டுகளாக என்றோம். வைத்தியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இங்கே காதைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். உயிரெழுத்துக்களின் ஓசை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வுகளில் அமைந்தது, வலிமையும் உடையது. க, ச, த, ப என்னும் வல்லெழுத்துக்களை ஒன்றிலிருந்து மற்றொன்றாகப் பிரித்துக் காட்டும் நுண்ணொலியோ உயர்ந்த அதிர்வுகளில் மிக மெலிதாக இருப்பது. உட்செவியில் இவ்வுயர்ந்த அதிர்வுகளைப் பற்றுகின்ற மயிரணுக்களே பேரோசைக்கு முதற்பலியாகின்றன. மடிந்த அணு மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. ஆதலின் இவ்வகைச் செவிக் குறையுடையவர், "கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை" என்பார். கட்டும் பட்டும் தட்டும் அவருக்கு ஒன்றாகிவிடும். தமிழ் படிப்பிப்பவனுக்கு இதைவிடப் பெரிய நட்டம் வேறென்ன வேண்டும்?

கல்முனைப் பாதையில் அப்படியென்ன பேரோசை என்று வாசகர்களுட் சிலர் வினவலாம். ஓசை பாதையில் இல்லை, தலைக்கவசத்தினுள்ளே இருக்கிறது. ஆரையம்பதியைத் தாண்டிக் குருக்கள்மடம், களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று வரும் தெரு பெரும்பாலும் வடக்குத் தெற்காக, மேற்கே வாவிக்கும் கிழக்கே கடலுக்கும் நடுவில் ஓடுகிறது. ஆனி ஆடி மாதங்களில் மேற்கேயிருந்து கச்சான் (வறுத்துத் தின்னும் கச்சானன்று, காற்றுக் கச்சான்) உள்நாட்டு வெப்பத்தையெல்லாம் வாரிக்கொண்டு குறுக்கே வீசும். மாரியில் வாடை கடற்புறத்திலிருந்து வரும். இரண்டும் நெற்றிக்கு நேரே வராமல் பக்கவாட்டில் வந்து, கவசத்தின் கீழ் விளிம்பில் மோதி, காதடியில் உறுமுகின்றன. ஓந்தாச்சிமடத்துப் பாலத்தில் ஏறும்போது இதை உணராத மோட்டார் சைக்கிள்காரர் இக்கரையில் இருக்கமாட்டார்.

நெடுங்காலம் நாம் இதனை எஞ்சின் சத்தம் என்றே எண்ணியிருந்தோம். அது பிழை. வேகம் மணிக்கு 65 கிலோமீற்றர் அளவுக்கு வந்ததும் காற்றின் ஓசை எஞ்சினின் ஓசையை விஞ்சிவிடுகிறது. அப்பால் அது ஏறும் வேகமோ அச்சந்தருவது. வேகம் இருமடங்கானால் ஓசையும் இருமடங்குதானே என்று நாம் கருதுவோம். காற்றோசையின் ஆற்றல் அவ்வாறு கூடுவதில்லை. வேகம் இருமடங்கானால் ஏறத்தாழ முப்பது முதல் அறுபது மடங்காகப் பெருகுகிறது. நமது தெருவின் வேகத்திற் கவசத்துள் ஓசை 90 டெசிபெலை அணுகும். மேல்நாட்டு நெடுஞ்சாலைகளில் 110 கிலோமீற்றர் வேகத்தில் 100 டெசிபெலையும் தொடும். அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வாளர்களின் கணக்கின்படி 85 டெசிபெல் ஓசையில் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகும். அப்படியானால் 91 டெசிபெலுக்கு இரண்டு மணித்தியாலம். 100 டெசிபெலுக்குப் பதினைந்தே நிமிடம். போக ஒன்று, வர ஒன்று என்று நாம் வைத்தியரிடம் சொன்ன கணக்கை வாசகர் நினைவுகூரலாம்.

தலைக்கவசம் பிறந்த கதையிலே காதுக்கு இடமில்லை. 'அரேபியாவின் லோறன்ஸ்' என்று பெயர்பெற்ற ஆங்கிலேயர் 1935ஆம் ஆண்டு மே மாதத்தில் தமது மோட்டார் சைக்கிளிலிருந்து வீசப்பட்டு, தலையில் அடிபட்டு, ஆறு நாட்களின் பின் இறந்தார். 1962இல் வந்த திரைப்படத்தின் தொடக்கத்தில் அவ்விபத்தைப் பலர் பார்த்திருப்பர். அவரைப் பார்வையிட்ட மூளைச் சத்திர வைத்தியருள் ஒருவர் ஹியூ கெயர்ன்ஸ். அந்த மரணம் அவர் நெஞ்சிற் பதிந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக் காயங்களை ஆராய்ந்து, கவசம் அணிவதன் அவசியத்தை வற்புறுத்தி 1941இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிரித்தானியப் படையின் தூதோட்டிகளுக்குக் கவசம் கட்டாயமானதும் அக்காலத்திலேதான். ஆகத் தலையோடு பிழைப்பதே அன்றைய கேள்வியாக இருந்தது. பிழைத்த தலையிலுள்ள காதைப் பற்றிக் கேட்கப் பின்னும் பல ஆண்டுகள் சென்றன.

அப்படிக் கேட்டவர்களுள் இங்கிலாந்தின் பாத் நகரத்துப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர் குறிப்பிடத்தக்கவர்கள். காற்றுச் சுரங்கத்தில் கவசத்தை நிறுத்தியும், தெருவில் ஓட்டியும் அளந்து 2011 அளவில் அவர்கள் வெளியிட்ட முடிவு நமக்கு வியப்பளித்தது. ஓசை கவசத்தின் உச்சியிலிருந்தோ கண்ணாடியிலிருந்தோ வருவதாகவே நாம் எண்ணுவோம். அவர்கள் கண்டது, நாடிக்குக் கீழே, கவசத்துக்கும் கழுத்துக்கும் நடுவிலுள்ள வெளியே முதன்மையான ஊற்று என்பது. சோடாப் போத்தலின் வாயில் ஊதினால் அது கூவுவதைச் சிறுவர்கள் அறிவார்கள். நாமும் ஒரு பெரிய போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதனுள்ளே தலையை வைத்துக்கொண்டு ஓடுகிறோம் என்று சொன்னால் மிகையாகாது.

இச்செய்திகளையெல்லாம் படித்த ஒரு சனிக்கிழமை, துணி எடுக்கும் சாட்டில் மருதமுனைக்குச் சென்று அந்தப் பையனின் வீட்டையும் எட்டிப் பார்த்தோம். தந்தையார் தறியில் இருந்தார். கைத்தறியின் ஓசை விசைத்தறியினதைப் போலக் காதைப் பிளப்பதன்று. ஆயினும் சிறு கொட்டகையில் நாள்முழுவதும் ஓயாது அடிப்பது. "இந்தச் சத்தத்தில் எப்படி இருக்கிறீர்கள்?" என்றோம். அவர் நாம் சொன்னதை மறுமுறை கேட்டுவிட்டு, "அது எங்களுக்குப் பழகிப்போச்சு சேர்" என்று, பக்கத்து வளவுக்கும் கேட்கும் குரலில் சொல்லிச் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏறிய முதலாண்டில் நம்மை வருத்திய காற்று, மூன்றாம் நான்காம் ஆண்டுகளில் வருத்தவில்லை. நாமும் பழகிவிட்டதென்றே சொல்லிக்கொண்டோம். கால் செருப்புக்குப் பழகும், தோல் தடிக்கும். காதுக்கு அப்படியொரு தோல் இல்லை. பழகிவிட்டது என்று நாம் சொன்ன நாளிலெல்லாம் அது சிறிது சிறிதாகச் செலவாகிக்கொண்டிருந்தது.

இனி, நாம் செய்தவற்றைச் சொல்கிறோம். முதலிற் செய்தது மடத்தனம். கடைக்காரர் ஒருவரின் சொல்லை நம்பி, 'சத்தமே கேளாது' என்று அவர் சத்தியம் செய்த விலையுயர்ந்த கவசமொன்றை வாங்கினோம். பழையதைக் காட்டிலும் அது அதிகமாக ஊளையிட்டது. காரணம் பின்னர்தான் தெரிந்தது. அது நமது தலைக்கு ஓரளவு பெரிது. காற்றுக்கு விலைச்சீட்டு வாசிக்கத் தெரியாது. இடைவெளி கண்ட இடத்தில் நுழையும்.

ஆகவே கவசம் வாங்கப் புறப்படுகிறவர் முதலில் தையற்காரரின் நாடா ஒன்றைத் தேடவேண்டும். புருவங்களுக்குச் சற்றுமேலே, காதுகளுக்கு மேலாக, பிடரியின் புடைப்பைச் சுற்றி அளந்து, அந்தச் சென்ரிமீற்றர்க் கணக்குக்கு உரிய அளவைக் கேட்கவேண்டும். அளவு சரியானாலும் வடிவம் சரியாகாதிருக்கலாம். சிலர் தலை தேங்காய்போல் உருண்டை. சிலர் தலை பப்பாளிபோல் நீளம். கடையிலேயே கால்மணி நேரம் அணிந்திருக்க நாணவேண்டியதில்லை. நெற்றியில் ஓரிடம் மட்டும் நோகத் தொடங்கினால் அது உங்கள் தலைக்குரிய வடிவமன்று. கன்னங்கள் வாயில் கொழுக்கட்டையை அடக்கியவன்போல் சற்றுப் பிதுங்கவேண்டும். உள்மெத்தை சில வாரங்களில் தணிந்துவிடும். கவசத்தைப் பிடித்து இடம்வலம் திருப்பினால் நெற்றித் தோலும் கூடவே அசையவேண்டும். வாரைப் பூட்டியபின் பிடரிப்பக்கமிருந்து முன்னோக்கி உருட்டிப் பார்த்தால் கழன்றுவரக் கூடாது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் 517ஆம் இலக்கக் கட்டளைக்கு அமைந்ததற்கான முத்திரை இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். தெருவோரத்தில் வெயிலில் குவித்து விற்கும் தொப்பிகளை நாம் கவசமென்று எண்ணுவதில்லை.

ஓசையை மட்டும் எண்ணினால், முகத்தை முழுதும் மூடும் கவசமே மேல். திறந்த முகமுள்ளவற்றிலும், நெற்றியில் வெயில்மறைப்பு நீட்டியவற்றிலும் காற்றுக்கு விளையாட இடம் அதிகம். கண்ணாடியை மூடினால் அதன் இறப்பர் விளிம்பு எங்கும் இடைவெளியின்றிப் படிகிறதா, ஆட்டினால் கடகடக்கிறதா என்று சோதிக்கவேண்டும். நாடிக்கும் கழுத்துக்கும் நடுவிலுள்ள வெளியை மறைக்கச் சிறு துணித்திரை பொருத்தப்பட்ட கவசங்களும் உண்டு. அஃதில்லாதவர் மெல்லிய பருத்திக் கழுத்துத்துணியால் அவ்விடத்தை நிரப்பலாம். 2015இல் முழுமுகக் கவசங்களைத் தடைசெய்யப் பொலிஸார் முற்பட்டபோது, மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்கால உத்தரவினால் அதனை நிறுத்தியது பலருக்கு நினைவிருக்கும். எனினும் வங்கி வாசலிலும் பெற்றோல் செட்டிலும் கவசத்தைக் கழற்றிவிட்டுப் பேசுவது நாகரிகம்.

வெக்கையைப் பற்றி நண்பர்கள் முறையிடுவார்கள். நியாயந்தான். சித்திரை வெயிலில் நண்பகற் கல்முனையில் முழுமுகக் கவசம் ஓர் அடுப்பு. அதற்காக அதனைக் கைமுட்டியில் கோத்துக்கொண்டு ஓட்டுவது முழங்கைக்குப் பாதுகாப்பேயன்றித் தலைக்கன்று. உள்மெத்தையைக் கழற்றித் துவைக்கக்கூடிய கவசமாக வாங்கி, உள்ளே பருத்திக் குல்லாய் ஒன்று அணிந்தால் வியர்வை பாதித் தொல்லையாகும்.

பெண்கள் விஷயம் தனியே சொல்லத்தக்கது. நமது கல்லூரியில் சாய்ந்தமருதிலிருந்து ஸ்கூட்டரில் வரும் ஆசிரியை ஒருவர், காற்றின் இரைச்சல் தமக்கு அவ்வளவு தொல்லையாக இல்லை என்றார். அவரது பயணம் குறுகியது என்பது ஒரு காரணம். மற்றொன்று, அவர் அணியும் முக்காட்டின் துணி, நாம் மேலே சொன்ன நாடிக்கீழ் வெளியை நன்றாக அடைத்துவிடுகிறது. பாத் நகரத்தார் சுரங்கம் கட்டிக் கண்டதை நமது சகோதரிமார் முன்பே தலையில் கட்டிவிட்டார்கள்! ஆனால் முக்காட்டை நிறுத்தும் குண்டூசி கவசத்தின் கீழ் அகப்பட்டால் நோவு தாங்காது. விபத்தில் அது ஆபத்துமாகும். ஊசியின்றிப் பொருந்தும் உட்குல்லாய் நல்லது. துணியின் நுனியைச் சட்டைக்குள் செருகிவிடவேண்டும், சில்லு அதனைப் பற்ற இடந்தரலாகாது. நமது இல்லத்தரசிக்கோ கொண்டை. உயரக் கட்டிய கொண்டையின் மேல் கவசம் குந்தியிருந்ததே தவிரத் தலையில் இறங்கவில்லை. பின்னலாகத் தாழ்த்திக் கட்டியபின் அதே கவசம் சரியாகப் பொருந்தியது. எவரும் கடைக்குப் போகும்போது தாம் அன்றாடம் கட்டும் முறையிலேயே தலையைக் கட்டிக்கொண்டு போவது நன்று.

இத்தனையும் செய்தபின் ஓசை குறைந்ததா? குறைந்தது, போதிய அளவு குறையவில்லை. மிக அமைதியான கவசத்துக்கும் சாதாரணமானதுக்கும் உள்ள வேறுபாடு சில டெசிபெல்களே. இதனை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார். நமது வண்டியின் முன்னே பொருத்தியிருந்த சிறு காற்றுத்தடுப்புக் கண்ணாடி நன்மை செய்கிறதென்று எண்ணியிருந்தோம். ஆளில்லாத தெருவில் சற்றே முன்குனிந்து பார்த்தபோது இரைச்சல் தணிந்தது, நிமிர்ந்ததும் கூடியது. கண்ணாடியின் விளிம்பிலிருந்து கலங்கி எழும் காற்று நேரே நமது நாடியில் மோதிக்கொண்டிருந்தது! அதனைக் கழற்றிவிட்டோம். மார்பிற் காற்று படுகிறது. காதில் முன்போல் இடிப்பதில்லை.

உண்மையில் பெரும் பயன் தந்தது பாமசியில் வாங்கிய, விரல்நுனியளவு பருமனுள்ள இரண்டு நுரைப்பஞ்சு அடைப்பான்கள். விலை ஒரு தேநீர்க்கடைச் செலவுக்கு மேற்பட்டதன்று. சுத்தமான விரல்களால் அதை மெல்லிதாக உருட்டி, மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதின் மேற்பகுதியை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருக்கவேண்டும். வெளியே துருத்திக்கொண்டு நின்றால் போட்டும் போடாததே. சரியாகப் போட்டால் 20 டெசிபெலாவது குறையும். அதாவது காதைச் சேரும் ஓசையின் ஆற்றல் நூறில் ஒன்றாகும். சாதாரண மருந்துப் பஞ்சு இவ்வேலையைச் செய்யாது.

ஹோர்ன் சத்தம் கேளாமற்போகுமே என்று நாமும் அஞ்சினோம். முதல்நாள் காத்தான்குடிச் சந்தடியில் மெதுவாகவே சென்றோம். பின்னால் வந்த பஸ்ஸின் ஹோர்ன் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. வெயிலில் கறுப்புக் கண்ணாடி அணிந்தவனுக்குத் தெரு மறைந்துவிடுகிறதா? கூச்சம் குறைவதால் நன்றாகத் தெரிகிறது. காற்றின் இரைச்சலும் ஹோர்னும் ஒருங்கே தணியும்போது காது திணறாமல் இரண்டையும் பிரித்தறிகிறது. பயண முடிவில் தலையை அழுத்தும் களைப்பும் குறைந்தது. ஆனால் காதில் நோய் அல்லது சீழ் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் இதனைச் செய்யலாகாது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கவசத்துக்கும் கன்னத்துக்கும் நடுவே தொலைபேசியைச் செருகிக்கொண்டு பேசியபடி ஓட்டும் இளைஞரை நாள்தோறும் காண்கிறோம். வேறு சிலர் காதிற் பாட்டை மாட்டிக்கொள்கிறார்கள். காற்று 90 டெசிபெலில் இரையும்போது பாட்டுக் கேட்கவேண்டுமானால் அதனினும் உயர்த்தவேண்டும். கச்சானோடு போட்டியிட்டுப் பாடவைக்கும் அந்தக் கருவி, கச்சானைவிடக் காதுக்கு அருகில் இருக்கிறது. ஓசையின் கணக்கை யாழின் நரம்புகளில் ஆராய்ந்து, 1947இல் 'யாழ் நூல்' தந்த விபுலாநந்த அடிகள் பிறந்தது கல்முனைக்குத் தெற்கே சிறிது தொலைவிலுள்ள காரைதீவில். அவ்வூர்ச் சந்தியில்தான் இக்காட்சியை நாம் அதிகம் காண்கிறோம் என்பது வேடிக்கை.

அடைப்பான் போடத் தொடங்கி ஓராண்டாகிறது. ஒருநாள் மாலை முற்றத்தில் வண்டியை நிறுத்தியதும் மனைவி ஏதோ கேட்க, நாம் தலையசைத்தோம். "இஞ்சபாருங்க, முதல்ல காதில இருக்கிறத எடுத்துப்போட்டுத் தலையாட்டுங்க" என்றார். மளிகைக்கடைக் கடனைத் தீர்த்தாயிற்றா என்பதே கேள்வியாம்.

இரவில் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த ரீங்காரம் இப்போது கூடவில்லை, முற்றாக நிற்கவுமில்லை. செவி வைத்தியரிடம் மீண்டும் சென்றபோது, வரைபடத்தின் பள்ளம் இருந்தபடியே இருந்தது. அதற்குமேல் ஆழமாகாததே நல்ல செய்தி என்றார் அவர். இழந்தது மீளாது என்பதால், மெல்லிய குரலுடைய மாணவர்களை முன் வாங்குக்கு மாற்றிவிட்டோம். மருதமுனைப் பையனுக்கு மட்டும் இதில் சம்மதமில்லை. பின் வாங்கில் அவனுடைய கூட்டாளி இருக்கிறானாம்.